கழுத்தை நீட்டுவது, இங்கிலீஷ் கருத்தில்

பெப்ரவரி 1, சனி

காலையில் தூறல். பிறகு சுள்ளென்று வெயில். கொடியில் போட்ட உடுப்பு மறுபடியும் நனைந்து மறுபடியும் காய்ந்தது. ஊருக்குள் திரிகிற மான் ஒன்று கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து செவ்வரத்தைப் பூச்செடியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. மகள் தாரணி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். பெயர் வைத்த பிறகு தடியெடுத்து விரட்ட மனம் வருகிறதில்லை.

வாங்க வேண்டியது: சீனி, தேயிலை, தாரணிக்கு பௌதிகவியல் கொப்பி, கேற்றுக்குக் கொளுக்கி.

பின்னேரம் இங்கிலீஷ் வகுப்பு. பரீதா டீச்சர் வீட்டு முன்ஹோல். எங்கள் அலுவலகத்தில் இருந்து இரண்டு பேரை முதலாளி அனுப்புகிறார். கப்பலுக்கு என்ன மரக்கறி வேண்டும், எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கப்டன்மார் போனில் கேட்டால் நான் யெஸ் சேர், யெஸ் சேர் என்று மட்டும் சொல்கிறேனாம். மற்றவர் யோகன் அண்ணை, கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிப்போகிற எங்கள் லோஞ்ச் படகை ஓட்டுபவர். சல்லிக் கிராமத்தில் இருந்து சைக்கிளில் வருவார். ஐம்பத்தொரு வயது. வகுப்பில் முதுகை நிமிர்த்தி, மடியில் கொப்பி வைத்து, முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பார்.

இன்றைய பாடம்: ஸ்டிக் யுவர் நெக் அவுட். கழுத்தை வெளியே நீட்டு. டீச்சர் கரும்பலகையில் எழுதி முடிக்கவில்லை, யோகன் அண்ணை கையைத் தூக்கினார்.

"கழுத்தை நீட்டுறதெண்டா எங்கட ஆக்களுக்குத் தாலிக்கு நீட்டுறதுதானே, டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும். பிறகு விளக்கினார். இது துணிந்து செய்கிற காரியம். ஆனால் எல்லாத் துணிவும் இல்லை. பேசாமல் இருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அப்படியிருக்க வாயைத் திறந்து, இதுதான் என் கருத்து, அல்லது நான் இவருடைய பக்கம் என்று சொல்லி, வருகிற பேச்சுக்குத் தானே முன்னால் போய் நிற்பது. ஓட்டுக்குள் இருக்கிற ஆமை தலையை வெளியே விடுகிற மாதிரி என்றார். அறுக்கப் போகிற கோழி என்றும் சிலர் சொல்வார்களாம். எனக்கு ஆமை போதும்.

காற்றடிக்கிற நேரம் கடலுக்குப் போனால் அதுவோ, என்று யோ. அண்ணை கேட்டார். இல்லையாம். போக வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னால் அதுதானாம். யோ. அண்ணை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

வீட்டுப்பாடம்: ஆளுக்கு மூன்று வசனம். உண்மையானதாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. தமிழ்க் கருத்தில் இருபத்துநாலு வயதில் சிவாவுக்கு நீட்டினேன். நீட்டச் சொன்னார்கள், நீட்டினேன். நல்ல மனுசன் கிடைத்தது என்னுடைய அதிர்ஷ்டம். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஒன்பது வருஷம். இங்கிலீஷ் கருத்தில் நீட்டியதாக யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

பெப்ரவரி 5, புதன்

நல்ல காற்று. அலுவலக யன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. தாரணிக்கு இருமல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

யோ. அண்ணை காலையில் என் மேசைக்கு வந்து, லோஞ்சில் இருக்கிற உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் உக்கிப் போய்விட்டன, பட்டி இழுத்தால் கையோடு வருகிறது, முதலாளியிடம் நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ மிஸ், என்றார். தான் சொன்னால் மூன்று வருஷமாகக் காதில் ஏறவில்லையாம். இந்த மாதம் முதலாளி கோபமாக இருக்கிறார், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மேசையில் பாதித் தோடம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார். எப்போதும் அப்படித்தான், உரித்து, பாதி தனக்கு, பாதி இங்கே.

பின்னேரம் லோஞ்ச் திரும்பக் கொஞ்சம் சுணங்கியது. கரைக்கு வந்ததும் அவர் போன் எடுப்பார். "வந்திட்டம் மிஸ்." அவ்வளவுதான் கதை. அப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அந்தப் போன் வராமல் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் இல்லை. இன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

பெப்ரவரி 8, சனி

வெயில். காற்று விட்டுவிட்டது.

எழுதலாமோ விடலாமோ என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

வகுப்பில் ஒவ்வொருவராக வசனம் வாசித்தோம். என்னுடையது மூன்றும் பொய். ஓட்டோ ரமணன் தான் பொலிஸ்காரனோடு வாதாடியதை எழுதியிருந்தான். பிறகு யோ. அண்ணை எழும்பினார். முதல் இரண்டும் கடலைப் பற்றி. மூன்றாவதைத் தொண்டையைச் செருமிவிட்டு வாசித்தார்: "மிஸ் கமலினி, வில் யூ ஸ்டிக் யுவர் நெக் அவுட் ஃபோர் மீ?"

மிஸ் கமலினி, எனக்காகக் கழுத்தை நீட்டுவீர்களா.

 ரமணன் மேசையில் அடித்துச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். யோ. அண்ணையின் முகத்தில் அப்போதுதான் அது விளங்கியது. காது நுனி வரை சிவந்துவிட்டது. அந்தக் கறுத்த முகத்தில் சிவப்புத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. டீச்சர் மட்டும் சிரிக்காமல், வசனம் சரி, கேள்விக்குறி போட மறக்க வேண்டாம் என்றார்.

வகுப்பு முடிந்து நான் கடற்கரை வீதியால் நடந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

"நான் இங்கிலீஷ் கருத்திலதான் எழுதினனான், மிஸ். அந்த அங்கிக் கதைக்காக."

விளங்குது அண்ணை என்றேன். கொஞ்சத் தூரம் சைக்கிள் சங்கிலி மட்டும் கிறீச்சிட்டது.

"தமிழ்க் கருத்தில எடுத்தாலும் எனக்குப் பிழையில்லை" என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவரும் நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். மூன்று தங்கைமாரைக் கரை சேர்க்கும்வரை தன்னைப் பற்றி யோசிக்கவில்லை, பிறகு யோசிக்க வெட்கமாக இருந்தது, இன்றைக்கு வாய் தவறி வந்ததைத் திரும்ப விழுங்க மனமில்லை. மிஸ்ஸுக்குப் பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை வழமைபோல வேலைக்கு வருவேன், ஒன்றும் நடக்காத மாதிரி இருப்பேன் என்றார்.

நான் யோசிக்க வேண்டும் என்றேன்.

"யோசியுங்கோ. நான் ஐம்பத்தொரு வருஷம் அவசரப்படேல்லை."

வீட்டுக்கு வந்து சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். தாரணி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். 

பெப்ரவரி 10, திங்கள்

முதலாளியிடம் அங்கிகளைப் பற்றிச் சொன்னேன். காலை முதல் வேலை அதுதான், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன். உமக்கும் லோஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். லோஞ்சில் போகிற ஆட்கள் வந்து சேராவிட்டால் அவர்களின் வீடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே என்றேன்.  அரை மணித்தியாலம் ஏசினார். மத்தியானம் புதிய அங்கிக்கு ஓர்டர் கொடுக்கச் சொன்னார்.

யோ. அண்ணை வழமைபோல வந்தார், ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தார், பாதித் தோடம்பழம் வைத்தார். தாங்க்ஸ் என்று மட்டும் சொன்னார்.

ஒரு கரைச்சல். அண்ணை என்று கூப்பிட வாய் வருகிறதில்லை. யோகன் என்று கூப்பிடவும் வராது. இன்று முழுக்க 'இஞ்ச பாருங்கோ', 'கேக்குதோ' என்று சமாளித்தேன். ஆறு வருஷம் கூப்பிட்ட ஆளுக்கு இப்போது பெயர் இல்லை.

பெப்ரவரி 12, புதன்

பௌர்ணமிப் போயா விடுமுறை. தலைக்கு முழுகினேன். தாரணியின் அலுமாரியைத் துப்புரவாக்கினோம். பழைய பள்ளிச் சட்டைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

யோசித்தவை, ஒழுங்கில்லாமல்:

அவர் கதைக்கும்போது மற்ற ஆள் முடிக்கும்வரை பொறுப்பார்.

எனக்கு நாற்பத்தேழு. சனம் சிரிக்கும்.

அத்தான். சிவாவின் தமையன். சிவா போன நாளில் இருந்து கூரைக்கு ஓடு மாற்றியது, தாரணியை ரியூசனுக்கு ஏற்றி இறக்கியது, மழைக்குள் மருந்து வாங்கி வந்தது எல்லாம் அவர்தான். ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்த மனுசனின் முகத்தைப் பார்த்து எப்படி.

தாரணிக்கு இந்த வருஷம் பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். சோதனை.

யோ.வின் சேர்ட் கொலர் எப்போதும் ஒரு பக்கம் மடிந்திருக்கும். சரி பண்ண வேண்டும் போலக் கை போகும். எத்தனை நாளாக அப்படிப் போகிறது என்று எனக்கே தெரியாது.

பெப்ரவரி 17, திங்கள்

மப்பு. மழை இல்லை.

ரமணனுக்கு வாய் நிற்காது. ஓட்டோவில் ஏறுகிற எல்லாருக்கும் வகுப்புப் பகிடியைச் சொல்லியிருக்கிறான். அது சந்தி வரை போய், அத்தானின் இரும்புக் கடை வரை போய்விட்டது.

பின்னேரம் அத்தான் வந்தார். வழமையாகக் குசினி வாசல் வரை வந்து 'தேத்தண்ணி இருக்கோ பிள்ளை' என்பவர் இன்று முன்ஹோலில் கதிரையில் இருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அந்த லோஞ்ச்காரன் உன்னைக் கேட்டவனாம். உண்மையோ?"

தாரணி அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சிவாவின் படம். என் வாய் தானாகக் கதைத்தது. வகுப்பில் ஒரு பகிடி அத்தான், இங்கிலீஷ் வசனம், ஆட்கள் கதை கட்டுகிறார்கள், ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு முகம் தெளிந்தது. அதுதானே பார்த்தேன் என்றார். தேத்தண்ணீர் குடித்தார். கேற்றுக் கொளுக்கியைத் தானே பூட்டித் தந்துவிட்டுப் போனார்.

மான் இனி வராது.

ஏன் இப்படிச் சொன்னேன் என்று இருந்து யோசிக்கிறேன்.

பெப்ரவரி 19, புதன்

அத்தான் என் சொல்லோடு விடவில்லை. நேற்று இறங்குதுறைக்கே போய் யோ.வைக் கேட்டிருக்கிறார். எங்கள் லோஞ்சில் வேலை செய்கிற சலீம் வந்து சொன்னான். பத்துப் பதினைந்து பேர் நிற்க, எல்லாருக்கும் கேட்கக் கேட்டாராம்.

யோ. சொன்னது, சலீமின் வாயால்: "அந்த மிஸ்ஸுக்கு ஒண்டும் தெரியாது ஐயா. பிழை என்ர இங்கிலீஷில. நான் ஒரு மொக்கன், கருத்துத் தெரியாமல் எழுதிப்போட்டன். அவவை ஒண்டும் கேக்காதேங்கோ."

எல்லாரும் சிரித்தார்களாம். யோ.வும் சேர்ந்து சிரித்தாராம்.

அந்த மனுசனுக்குக் கருத்து நல்லாகத் தெரியும். வகுப்பில் எல்லாருக்கும் முதல் கேட்டு எழுதிக்கொண்டவர்.

இன்று மேசைக்கு வரவில்லை. பின்னேரம் போன் வந்தது. சலீம். "மிஸ், வந்திட்டம்." ஏன் நீ எடுக்கிறாய் என்று கேட்டேன். இனி நீ எடு என்று அண்ணை சொன்னவர் என்றான்.

பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்து, பஸ்ஸில் ஏறாமல் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

பெப்ரவரி 22, சனி

நல்ல வெயில். வகுப்பு.

யோ.வின் கதிரை வெறுமை. இனி வரமாட்டாராம், முதலாளியிடம் வேலை கூட என்று சொல்லியிருக்கிறார்.

டீச்சர் பழைய பாடங்களை மீட்டினார். ஒவ்வொரு சொற்றொடரையும் சொல்லி, யாராவது ஒரு வசனம் சொல்லச் சொன்னார். கழுத்து வந்தது.  ரமணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையைத் தூக்கினேன்.

இங்கிலீஷில்தான் சொன்னேன். யோகன் எனக்காகக் கழுத்தை நீட்டினார், நான் என்னுடையதை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிழையில்லாமல் வந்தது என்று நினைக்கிறேன். டீச்சர் சரி பிழை ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார்.

வெளியே ரமணன் ஓட்டோவோடு நின்றான். அக்கா, நான் பகிடியாகத்தான் சொன்னேன், இப்படி வரும் என்று நினைக்கவில்லை என்றான். கண் கலங்கியிருந்தது. ஏசப் போனவள் ஏசவில்லை. வீட்டில் இறக்கிவிட்டான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

தாரணிக்குச் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு சொன்னேன், முகம் பார்க்க ஏலாமல்.

அவள் கொப்பியை மூடி வைத்தாள். பிறகு, "நீங்கள் பெரியப்பாட்ட இல்லையெண்டு சொன்னது அறைக்குள்ள கேட்டது. பொய்யெண்டு அப்பவே விளங்கினது" என்றாள்.

எப்படி விளங்கியது என்று கேட்டேன். அந்த மனுசன் போன் எடுத்துவிட்டால் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேனாம். இந்தக் கிழமை ஒரு பாட்டும் இல்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு அம்மா. பள்ளிக்கூடத்தில கேப்பினம். அப்பான்ர இடத்தில வேற ஒராள் இருந்து சாப்பிடுறதைப் பாக்க ஏலுமோ எண்டும் தெரியேல்லை."

உனக்கு ஏலாதென்றால் வேண்டாம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. முடிவைத் தன் தலையில் வைக்க வேண்டாமாம். நீங்கள் பெரிய ஆள், நீங்கள் சொல்லுங்கோ, பிறகு நான் அழுவதோ சிரிப்பதோ என் பாடு என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினெட்டு வயது. எங்கே இருந்து இந்தக் கதை வருகிறது.

கத்தரிக்காய் கறுத்துவிட்டது. அப்படியே சமைத்தேன்.

பெப்ரவரி 25, செவ்வாய்

நாளைக்குச் சிவராத்திரி. ஊர் முழுக்கச் சனம். கோணேசர் மலைப் பக்கம் ஓட்டோ பிடிக்க ஏலாது.

வேலை முடிந்து நேரே அத்தான் வீட்டுக்குப் போனேன். அத்தானும் அவருடைய மனுசி அக்காவும் ஹோலில் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள், கோயிலுக்கு. இருக்கச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். இருந்தால் பிறகு தேத்தண்ணீர் வரும், பலகாரம் வரும், சொல்ல வந்தது தொண்டைக்குள் போய்விடும்.

"அத்தான், அண்டைக்கு உங்களிட்ட நான் பொய் சொன்னனான். யோகன் என்னைக் கேட்டது உண்மை. எனக்கும் விருப்பம்."

அத்தான் நூலைக் கையில் பிடித்தபடி இருந்தார். அவன்தானே அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னவன் என்றார். எனக்காகச் சொன்னவர் என்றேன். எல்லாருக்கும் முன்னால் தன்னை மொக்கன் என்று சொல்லிக்கொண்டவர்.

பிறகு கொஞ்சம் கடுமையாகக் கேட்டார். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தாயா. அவன் ஆர், எந்த இடம் என்று விசாரித்தாயா. சிவா இருந்தால் என்ன நினைப்பான்.

முதல் இரண்டுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். ஊரைத்தான் இவ்வளவு நாளும் யோசித்தேன், ஆளை ஆறு வருஷமாகத் தெரியும் என்றேன். மூன்றாவதுக்கு வைத்திருக்கவில்லை.

"சிவா இருந்தா இந்தக் கதையே இல்லை, அத்தான்."

அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் எழும்பினார், சேர்ட்டை மாட்டினார், கடைத் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 

அக்கா என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. பூவை ஒதுக்கி வைத்தா.

"அவர் கோவத்தில போகேல்லை" என்றா. "அழுறதெண்டாக் கடைக்குத்தான் போவார். சிவாவுக்கும் அங்க போய்த்தான் அழுதவர்."

வீட்டுக்கு வரக் கால் பாரமில்லை. பயம் அப்படியே இருந்தது, குறையவில்லை. ஆனால் பசித்தது. தாரணி தோசை சுட்டு வைத்திருந்தாள். சொல்லிட்டேன் என்றேன். சட்னியை என் பக்கம் தள்ளினாள்.

பெப்ரவரி 27, வியாழன்

விரதக் களை. அலுவலகத்தில் தூங்கி விழுந்தேன். கப்பல் ஒன்றும் இல்லை.

மத்தியானம் இறங்குதுறைக்குப் போனேன். ஆறு வருஷத்தில் நான் அங்கே போனது இரண்டு தரமோ மூன்று தரமோ. பெண்கள் போகிற இடம் இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை, போனதும் இல்லை. யோ. லோஞ்சின் பின்பக்கம் குனிந்து நின்று பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். சுற்றிவர ஆட்கள். வலை பிரிக்கிறவர்கள், பெட்டி ஏற்றுகிறவர்கள், அன்றைக்குச் சிரித்தவர்களாகத்தான் இருக்கும்.

கூப்பிட வேண்டும். இஞ்ச பாருங்கோ என்றால் பத்துப் பேர் திரும்புவார்கள்.

"யோகன்" என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. அவர் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். மிஸ் வந்து லோஞ்ச்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா என்று எல்லாருக்கும் விளங்கியது. அவருக்கு முதலில் விளங்கியது. பிறஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நீலப் பெயின்ற் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சொட்டியது.

நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. தேவைப்படவில்லை. கிட்ட வந்து அவர் கேட்ட முதல் கேள்வி:

"பிள்ளை என்ன சொல்லுது?"

கதவைச் சாத்தினாள், பிறகு தோசை சுட்டாள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது நல்ல கதைதான் என்றார்.

கொலர் மடிந்திருந்தது. எல்லாரும் பார்க்கச் சரி பண்ணினேன். இல்லை, பண்ணவில்லை. கை பாதி வரை போனது. அவர் தானே சரி பண்ணிக்கொண்டார், பெயின்ற் கையோடு. சேர்ட் பழுது.

பின்னேரம் போன். "வந்திட்டம்." கப்பலே இல்லாத நாளில் எங்கே போய் எங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

மார்ச் 2, ஞாயிறு

வெயில். காற்று சுத்தமாக இல்லை. கடல் தகடு மாதிரி.

யோ. வீட்டுக்கு வந்தார். தாரணியின் கட்டளை: இருட்டில் வேண்டாம், பகலில், முன்கேற்றால், எல்லாரும் பார்க்க வரட்டும். வந்தார். ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலால் தலை. ஆஸ்பத்திரி நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி அப்பிளும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் கொண்டுவந்தார்.

தாரணி முன்னால் இருந்து கேள்வி கேட்டாள். குடிப்பீங்களோ. எப்பவாவது, கலியாண வீட்டில். கடலில் பயமில்லையோ. இருக்கு. ஏன் இவ்வளவு காலம் கலியாணம் கட்டவில்லை. தங்கைமார், பிறகு வெட்கம். என் சோதனை முடியும்வரை இந்த வீட்டில் சத்தமாக ரீவி போடக்கூடாது. சரி.

பிறகு சுவரைக் காட்டினாள்.

"அப்பான்ர படம் அதில இருக்கும்."

யோ. எழும்பிப் போய்ப் படத்தின் முன்னால் நின்றார். நான் குசினி வாசலில் நின்றேன்.

"இருக்கத்தானே வேணும்" என்றார். "சட்டம் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. ஆணி தளர்ந்திட்டுது. சுத்தியல் இருக்கோ, மகள்?"

மகள் என்று இங்கே எல்லாப் பிள்ளையையும் கூப்பிடுவார்கள். இருந்தாலும் தாரணி எழும்பிப் போய்ச் சுத்தியல் எடுத்து வர நேரம் எடுத்தது. முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

சாப்பாடு: சோறு, சூடைமீன் குழம்பு, முருங்கை இலை வறை, சொதி. சிவாவின் வழமையான இடத்தில் அவர் இருக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, தானே மற்றப் பக்கம் இருந்தார். இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

அத்தானிடம் இருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அக்கா போனில் மட்டும் கதைக்கிறா. கடையிலேயே சாப்பிடுகிறாராம்.

மார்ச் 5, புதன்

காலையில் அரை நாள் லீவு. பதிவாளரிடம் போனோம். என்ன என்ன வேண்டும் என்று கேட்க மட்டும். அடையாள அட்டைகள், பிறப்பு அத்தாட்சி, சிவாவின் மரண அத்தாட்சி. சாட்சிக்கு இரண்டு பேர், அவர்களின் அடையாள அட்டை நம்பரோடு. கூட்டம் வேண்டாம், கையெழுத்து மட்டும், பிறகு சல்லி அம்மன் கோயிலில் ஓர் அர்ச்சனை என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறோம்.

மரண அத்தாட்சி அலுமாரியில் சேலைக்கு அடியில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். சிவாவோடு கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று எழுதத் தேவையில்லை. ஏசவில்லை அவர்.

யோ.வின் பக்கச் சாட்சி சலீம். நேற்றே சேர்ட் தைக்கக் கொடுத்துவிட்டானாம். என் பக்கத்துக்கு ஆள் இல்லை. பரீதா டீச்சரைக் கேட்கலாம் என்று யோ. சொன்னார். கேட்பார், வருவா. தெரியும். இருந்தாலும் ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பக்கம் என்று ஓர் ஆள் வேண்டும் போல இருந்தது. அதை அவருக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கப் போன் அடித்தது. அத்தான். அன்றைக்குப் பிறகு முதல் தரம். பின்னால் கடையில் யாரோ கம்பி வெட்டுகிற சத்தம்.

பதிவுக்குப் போனீர்களாமே என்றார். ஓம் என்றேன். எப்போது. இருபத்தொன்று, வெள்ளி.  வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். கம்பி வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உன்ர பக்கத்துக்குச் சாட்சி ஆர்?"

இன்னும் ஆள் பார்க்கவில்லை என்றேன்.

யாரையோ அதட்டி அந்தச் சத்தத்தை நிற்பாட்டினார். 

"பேனை இருக்கோ? என்ர அடையாள அட்டை நம்பரை எழுது."